பழைய சின்னக் காரா, புது எஸ்யூவியா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 2012 ஜனவரியில் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீளாத சின்னக் கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்னொன்று 2022-ல் எடுத்த, நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் எஸ்யூவி. இரண்டையும் நானும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். அதனால் லிஃப்டிலும், ஆபீஸ் கேன்டீனிலும், சேலத்திலிருந்து வரும் போனிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

எஸ்யூவி எஸ்யூவின்னு சொல்றாங்களே, கொஞ்சம் உயரமா இருந்தாலே எஸ்யூவியா?

நம் சந்தையில் அந்தப் பெயரை மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்கார்ப்பியோ, தார், ஃபார்ச்சூனர் போன்றவை தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்த வண்டிகள். பிரெஸ்ஸா, வென்யூ, நெக்ஸான், க்ரெட்டா எல்லாம் சாதாரணக் காரைப் போலவே உடலும் சட்டமும் ஒன்றாகக் கட்டப்பட்டவை, முன் சக்கரத்தில் இழுப்பவை. ஓட்டும்போது உயரமான ஹேட்ச்பேக் போலத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் எஸ்யூவி என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்ற விதி 2006-லிருந்து இருக்கிறது. அதனால்தான் பிரெஸ்ஸாவும் வென்யூவும் சொல்லி வைத்தாற்போல 3,995 மி.மீ. நீளம். 2011-ல் வந்த ஸ்விஃப்ட் 3,850 மி.மீ. நீள வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது: ஸ்விஃப்ட் 1,695, பிரெஸ்ஸா 1,790. தரையிலிருந்து இடைவெளி 170-க்கு 198.

அண்ணா, நம்ம கார் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?

நல்லா ஓடினால் மாற்ற வேண்டாம் என்றுதான் பாதிப் பேருக்குச் சொல்வேன். மீதிப் பாதிக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் காரில் ஏர்பேக் இருக்கிறதா? பழைய காரில் கிளட்ச் மாற்றலாம், ஏசி மாற்றலாம், எஞ்சினையே பிரித்துப் பூட்டலாம். ஏர்பேக்கை மட்டும் பிறகு சேர்க்க முடியாது.

ஆர்சி புத்தகத்தில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் வந்தது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய காரில், மேல் வேரியன்ட், அதாவது அதே மாடலில் விலை கூடிய வகை வாங்கியிருந்தால் இருக்கும். கீழ், நடு வேரியன்ட்களில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டியரிங்கின் நடுவிலும், இடது பக்க டேஷ்போர்டிலும் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் ஹேட்ச்பேக்கில் இல்லை.

ஏர்பேக் இல்லாத கார் நகருக்குள் முப்பது, நாற்பது வேகத்தில் காய்கறிக்கும் பள்ளிக்கும் போய் வந்தால் நான் பயமுறுத்த மாட்டேன். அதே காரில் மாதம் ஒரு தடவை குழந்தைகளோடு கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாக நூறில் போகிறீர்கள் என்றால், கடன் வாங்கியாவது மாற்றுங்கள் என்பேன். எஸ்யூவிதான் வேண்டும் என்றில்லை, புது ஹேட்ச்பேக்கும் சரிதான்.

ஜே.சி. ரோட்டுல கேட்டா ஏர்பேக் மாட்டித் தர மாட்டாங்களா?

சீட் கவர், ஹார்ன், லைட், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அந்தக் கார் சாமான் கடைத் தெருவில் கிடைக்கும். ஏர்பேக் அப்படி மாட்டுகிற சாமான் இல்லை. மோதலை உணரும் சென்சார், எத்தனை மில்லி செகண்டில் விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர், அதே நொடியில் பெல்ட்டை இறுக்கும் கருவி, பை கிழித்து வெளியே வர டேஷ்போர்டில் விட்ட இடம், எல்லாம் அந்த ஒரு மாடலின் உடல் எப்படி நசுங்கும் என்று சோதித்துப் பொருத்தியவை. யாராவது மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

கார்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை பாதுகாப்பு மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-ல் இந்தியாவின் சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்யம். அதே ஆண்டு கடைசியில் ஸ்விஃப்ட்டுக்கும் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் போட்ட போலோவுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஒரே கார், ஒரே ஆண்டு. அந்த முடிவைப் படித்த பிறகுதான் என் மனது எங்கள் காரில் நெடுஞ்சாலைப் பயணத்தை விட்டு விலகியது.

அப்போ எஸ்யூவின்னாலே பாதுகாப்புன்னு அர்த்தம்தானே சார்?

இல்லை. உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பாக இருப்பதுபோல் தோன்றும். அது வேறு, மோதலில் காப்பது வேறு. நெக்ஸான் 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான கார்களில் முதல் முறை. அதைவிடப் பெரிய க்ரெட்டா 2022-ல் மூன்றுதான் வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்ற சோதனை இருக்கிறது. வாங்கப்போகும் மாடலின் மதிப்பெண்ணையும், சோதித்த காரில் எத்தனை ஏர்பேக் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. உயரமான வண்டிக்கு எடை மேலே நிற்கும். தொப்பூர் இறக்கத்தில் லாரி நடுவே திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டினால், தாழ்வான ஹேட்ச்பேக் சறுக்கும் இடத்தில் உயரமான வண்டி சாயப் பார்க்கும். அதனால் எஸ்யூவி என்றால் ஈஎஸ்சி என்ற நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள வேரியன்ட்டையே எடுங்கள். சன்ரூஃபுக்குப் பணம் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். ஊருக்குப் போகும்போது பாட்டி மடியில் பேரனை உட்கார வைப்பது நம் வீடுகளில் பழக்கம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பாட்டியின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்காது. குழந்தைக்குத் தனி சீட் வாங்குங்கள். குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள காரில் அது இரண்டு நிமிட வேலை.

மைலேஜ் எவ்வளவு அடி வாங்கும்?

எங்கள் கணக்கு: ஹேட்ச்பேக் நகருக்குள் லிட்டருக்கு 12, எஸ்யூவி ஒன்பதரை. நெடுஞ்சாலையில் 17-க்கு 15. ஒவ்வொரு தடவையும் டேங்க் நிரப்பி மீட்டரைக் குறித்து எழுதிய கணக்கு இது. டேஷ்போர்டில் காட்டும் எண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

மாதம் 800 கி.மீ. நகருக்குள் ஓட்டினால், பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால், ஹேட்ச்பேக்குக்கு 6,800 ரூபாய், எஸ்யூவிக்கு 8,600. மாதம் 1,800 வித்தியாசம். மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் தொகை இது இல்லை. பெரிய பணம் வேறு இடத்தில் போகிறது, கீழே வருகிறேன்.

இ20 பெட்ரோல் பழைய காரைக் கெடுத்துடும்னு பயமுறுத்துறாங்களே?

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. முன்பே 10 சதவீதம் கலந்து விற்றார்கள், இப்போது 20, அதுதான் இ20. ஆக, கூடுதலாகக் குறைவது மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ். ஒரு லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது ரப்பர் பாகங்களை. பழைய கார்களின் பெட்ரோல் குழாய், கேஸ்கெட், பம்ப் எல்லாம் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்தவை இல்லை. சர்வீஸில் குழாய் வெடித்திருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் பெரும்பாலும் இ20-க்கு ஏற்றவை. எங்கள் 2022 எஸ்யூவியின் கையேட்டில் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கிறது. எனவே பழைய எஸ்யூவி வாங்குகிறவர்கள் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

ஷோரூம் விலை ஒண்ணு சொல்றாங்க, ஆன்-ரோடு வேற ஒண்ணு வருது. பெங்களூர்ல ஏன் இவ்வளவு?

கர்நாடகத்தின் ஆயுள் வரி அதிகம். காரின் விலை 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18. அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. இதில் ஒரு பொறி இருக்கிறது: சதவீதம் முழு விலைக்கும் விழும். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,39,300. வெறும் பத்தாயிரம் கூடி 10,05,000 ஆனால் வரி 1,70,850. ஒரு வேரியன்ட் மேலே போகச் சொல்லி விற்பனையாளர் கேட்கும்போது இந்த 10 லட்சக் கோட்டை மனதில் வையுங்கள். 10 லட்சம் தாண்டினால் விற்பவரே பிடித்துக் கட்டும் டிசிஎஸ் என்ற வரி ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து மாறியது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள் அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40. வென்யூவின் 1.2 லிட்டர் பெட்ரோல் 18-ல் வருகிறது. பிரெஸ்ஸா அதே நீளம்தான், ஆனால் எஞ்சின் 1,462 சிசி, எனவே 40-ல் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் விலை வித்தியாசத்தில் எவ்வளவு வரி, எவ்வளவு கார் என்று பிரித்துப் பாருங்கள்.

ஓசூர்லயோ கிருஷ்ணகிரியிலயோ ரெஜிஸ்டர் பண்ணிட்டா வரி மிச்சம்னு மச்சான் சொல்றான். பண்ணலாமா?

தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரை 15 சதவீதம். 12 லட்சம் ரூபாய் காருக்கு அங்கே 1,80,000. இங்கே 2,04,000, அதன் மேல் செஸ். மிச்சம் இருப்பது உண்மைதான். ஆனால் வேறு மாநிலப் பதிவோடு ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அப்போது தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடக வரியைக் கட்டி, தமிழ்நாட்டு வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

நிஜமாகவே ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருகிறவர்கள் அங்கேயே பதியட்டும், அது அவர்களின் ஊர். ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு மாமா வீட்டு முகவரியில் பதிவது வேண்டாம்.

பழைய காருக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?

2024-ல் எங்கள் ஹேட்ச்பேக்குக்கு ஆன செலவு: நான்கு டயர் 21,000, சஸ்பென்ஷன் வேலை 9,500, பேட்டரி 4,800, இரண்டு சர்வீஸ் 9,000. மொத்தம் 44,300 ரூபாய். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் டயரும் அந்த வருடமே விழுந்ததால் அதிகம். கேட்டவர்கள் "அம்மாடி" என்றார்கள். புது எஸ்யூவிக்கு 10 லட்சம் கடன், ஐந்து வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 20,758. வருடத்துக்கு இரண்டரை லட்சம். பெரிய பணம் போகும் இடம் இதுதான்.

அந்தச் சஸ்பென்ஷன் வேலையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "டக் டக் சத்தம் வருது, வித்துடலாமா" என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் மெக்கானிக் வாணியம்பாடிக்காரர், ஈஜிபுராவில் கடை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு டயர் லீவரை நுழைத்து மெல்ல நெம்பினார். புஷ் ரப்பர் வெடித்த உதடு மாதிரிப் பிளந்து, உள்ளே பளபளவென்று இரும்பு தெரிந்தது. "சார், குழியில விழும்போது இந்த இரும்புதான் அடிக்குது. பயப்படற நோய் இல்ல இது" என்றார். புஷ், லிங்க் ராடு மாற்றி, அலைன்மென்ட் பார்த்ததும் கார் சத்தமில்லாமல் ஓடியது. பெங்களூர்க் குழிகளில் எந்தக் காருக்கும் இது தேய்மானச் செலவு.

டயர், பேட்டரி, புஷ், கிளட்ச் இதெல்லாம் தயங்காமல் செய்யுங்கள். எஞ்சின் பிரிக்க வேண்டும், கியர்பாக்ஸ் போய்விட்டது, அடித்தளம் துருப்பிடித்துவிட்டது என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் துரு உடலின் பலத்தையே தின்றுவிடும். கடற்காற்றில் நின்ற சென்னைக் கார்களில் இதை அதிகம் தேடுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் ஊருக்குப் போகாதீர்கள்.

எங்க வீட்டு கேட்ல எஸ்யூவி நுழையுமா?

டேப் எடுத்து அளந்து பாருங்கள். பிரெஸ்ஸாவின் புத்தகத்தில் போட்டிருக்கும் 1,790 மி.மீ. கண்ணாடிகளைச் சேர்க்காத அகலம். இரண்டு பக்கமும் கண்ணாடி விரிந்தால் இரண்டு மீட்டர் தாண்டும். மர்ஃபி டவுனில் மாமனார் வீட்டு கேட்டை நானும் மாமியாரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து அளந்தோம்: 6 அடி 10 அங்குலம், அதாவது சுமார் 2,080 மி.மீ. கண்ணாடியை மடக்கினால் நுழைகிறது, விரித்தால் உரசுகிறது. உள்ளே போன பிறகு கதவைத் திறக்க ஒரு அடியாவது வேண்டும் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். ஹேட்ச்பேக் அங்கே யோசிக்காமல் போய் நிற்கும்.

பழைய பெங்களூரின் தமிழ் வட்டாரங்களில், அல்சூரின் உள் தெருக்கள், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், இங்கெல்லாம் இந்த நாலு விரல் அகலம் தினமும் கணக்கில் வரும். திரும்பும் ஆரமும் ஸ்விஃப்ட்டின் 4.8 மீட்டருக்குப் பிரெஸ்ஸாவில் 5.1. ஒரே ஒடிப்பில் திரும்பிய இடத்தில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டிவரும்.

சில்க் போர்டு டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சே முழங்கால் போச்சு. எஸ்யூவி வாங்கினா சரியாகுமா?

அது ஆட்டோமேட்டிக் வாங்கினால் சரியாகும், எஸ்யூவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளட்சையும் கியரையும் கருவியே மாற்றும் ஏஎம்டி ஹேட்ச்பேக்கே போதும். கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும், பழகிவிடும். சிவிடி, டார்க் கன்வர்ட்டர் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இரண்டும் இன்னும் மென்மை. உலர் கிளட்ச் இரண்டு கொண்ட டிசிடி வகை மட்டும் அங்குலம் அங்குலமாக நகரும் டிராஃபிக்கில் சூடாகும். தினமும் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி என்றால் அதை யோசித்து எடுங்கள்.

டீசல் எஸ்யூவி எடுக்கலாமா?

வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுகிறவர்களுக்குச் சரி. பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது கரியை எரித்துச் சுத்தமாக, கார் நல்ல சூட்டோடு சீராக ஓட வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளி, ஆபீஸ் என்று மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

மழையில ரோடெல்லாம் ஏரியா மாறுது. அதுக்காகவாவது எஸ்யூவி வேணாமா?

198 மி.மீ. இடைவெளி குழிக்கும், தெரியாமல் வரும் ஹம்ப்புக்கும் உதவும். எங்கள் ஹேட்ச்பேக் நான்கு பேரோடு தரை தட்டும் ஹம்ப்பில் எஸ்யூவி சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது. வெள்ளத்துக்கு அது பதில் இல்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் விலை உயர்ந்த பெரிய கார்களும் மூழ்கித்தான் நின்றன. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கி ஒரு இளம்பெண் இறந்துபோனார். சுரங்கப்பாதையில் தண்ணீர் தெரிந்தால் எந்தக் காராக இருந்தாலும் திருப்பிக்கொண்டு போங்கள்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் இந்த எஞ்சின் சேதத்தைப் பெரும்பாலும் கொடுக்காது; எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்து எடுங்கள்.

ஏற்காடு, கொல்லிமலை ஏறணும்னா பழைய கார் திணறுமே?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு கார்களிலும் ஏறியிருக்கிறேன். ஹேட்ச்பேக் 85 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. எஸ்யூவி நூறு சொச்சம், எடை 1,100 கிலோவுக்கு மேல். ஒரு கிலோவுக்கு எவ்வளவு சக்தி என்று வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வளைவுகளில் ஹேட்ச்பேக்தான் லேசாகத் திரும்பியது. டர்போ பெட்ரோல் எஸ்யூவி என்றால் வேறு. அது குறைந்த கியரில் தானாகவே இழுக்கும். இறங்கும்போது எந்தக் காரிலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எதுல ஏறி இறங்க சுலபம்?

இதில் எஸ்யூவிக்கே என் ஓட்டு. ஹேட்ச்பேக்கில் அம்மா மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் உட்காருவதுபோல் இறங்குவார். எழும்போது என் தோள் வேண்டும். எஸ்யூவியில் சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் திரும்பி நின்று உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். தார், ஃபார்ச்சூனர் உயரம் போனால் மறுபடி ஏற வேண்டியதாகிவிடும். ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், பின் சீட்டிலும்.

டெல்லியில 15 வருஷம் ஆனா காரைப் பிடிச்சுடுவாங்களாமே, இங்கயும் வருமா?

டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி சுற்று வட்டாரத்துக்காக நீதிமன்ற உத்தரவுகளால் வந்தது. பெங்களூரில் அந்த விதி இல்லை. இங்கே ஆர்சி 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டலாம். காருக்கான கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000. பசுமை வரி தனி. எமிஷன் டெஸ்ட் சீட்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

பழைய காரை வித்துட்டா அதோட இன்சூரன்ஸ் போனஸ் போயிடுமா?

போகாது. க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த போனஸ் உரிமையாளருக்குச் சொந்தம், காருக்கு இல்லை. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம். விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். மூன்று வருடத்துக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். புது எஸ்யூவியின் சொந்தச் சேதப் பிரீமியம் 30,000 என்றால் 15,000 மிச்சம். தெரியாமல் விட்டவர்கள் நிறையப் பேர். இரண்டு காரையும் வைத்துக்கொண்டால் அந்தப் போனஸ் ஒன்றுக்குத்தான்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் எஸ்யூவி என்று தனிக் கட்டணம் இல்லை, எஞ்சின் அளவுதான் கணக்கு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை வருடம் 3,416 ரூபாய். புதுக் காருக்கு மூன்று வருடம் சேர்த்து 10,640.

புதுசுக்குக் காசு இல்ல. மூணு வருஷம் ஓடின எஸ்யூவி எடுக்கலாமா?

என்னைக் கேட்டால் பலருக்கு இதுதான் சரியான வழி. இன்சூரன்ஸ் கணக்கிலேயே மூன்று வருடத்தில் காரின் மதிப்பில் 30, 40 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கும். ஆயுள் வரியையும் முதல் ஆள் கட்டிவிட்டிருப்பார்.

பெங்களூரில் வாங்கும்போது வெள்ளத்தில் நின்ற காரா என்று கட்டாயம் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டின் கீழ் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு, இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் சரிபார்த்து, கடன் இருந்தால் அது ஆர்சியிலிருந்து நீங்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

பழசை வித்துட்டேன், இன்னும் என் பேர்லயே இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். விபத்து நடந்தால் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறியதை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள், அல்லது அத்திப்பள்ளி டோல் உங்கள் கணக்கில் போகும்.

எல்லாம் சரி, கடைசியில நீங்க ஏன் ரெண்டையும் வெச்சிருக்கீங்க?

இரண்டாவது பார்க்கிங் இடம் இருப்பதால் முடிகிறது. வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தால் செய்திருக்க மாட்டேன். ஹேட்ச்பேக் நகருக்குள், பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் போகிறது: அல்சூர் மார்க்கெட், கன்டோன்மென்ட் ஸ்டேஷன், மாமனார் வீடு. சேலம் பயணம் எல்லாம் எஸ்யூவியில். ஐந்து பேர் போகிறோம், ஐந்தாவது பெல்ட் கிளிக் என் அம்மாவுடையது. அது கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.

2027 ஜனவரியில் ஹேட்ச்பேக்கின் 15 ஆண்டு முடிகிறது. அதற்கு முன்னால் வாணியம்பாடிக்காரர் வண்டியைத் தூக்கி அடித்தளத்தைப் பார்ப்பார். துரு இல்லை என்றால் 5,000 கட்டி நீட்டுவேன். இருந்தால் ஸ்கிராப்புக்குக் கொடுப்பேன்; ஏர்பேக் இல்லாத அந்தக் காரை நெடுஞ்சாலையில் ஓட்டப்போகும் இன்னொரு குடும்பத்துக்கு விற்க எனக்கு மனம் வராது.